பாக்கி வைத்த கும்பிடு

உயிரோடு இருக்கும் அண்ணனுக்கு முப்பத்திரண்டு வருஷமாகத் திதி கொடுத்துவந்ததை அவரிடமே எப்படிச் சொல்வது என்பதுதான் மான்போக்கின் கவலை. சொல்லவே வேண்டாம் என்றாள் மகள் கும்ஜா. நல்ல யோசனைதான். ஆனால் எண்பது வயதில் மான்போக்கின் வாயில் பல்லே நிற்பதில்லை, ரகசியம் எங்கே நிற்கப்போகிறது?

1950 டிசம்பரில், போருக்கு நடுவே, காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்குத் துணையாக வடக்கே அண்ணன் மான்சிக் ஊரிலேயே தங்கிவிட்டார். சித்தப்பாவோடு தெற்கே கப்பலேறிய மான்போக், "மூணு நாள்ல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நாட்டை இரண்டாக்கி நடுவில் முள்வேலி வந்து உட்கார்ந்துகொண்டதால் அந்த நான்காவது நாள் இன்னும் விடியவில்லை.

சொக்சோ துறைமுகத்தில் கணவாய் மீன் விற்றே அவனுக்கு வயதாகிவிட்டது. 1983இல் மீன் ஏலத்தில் சந்தித்த ஊர்க்காரர் ஒருவர், "உங்கண்ணன் குண்டுவீச்சுலேயே போயிட்டார்னு கேள்வி" என்றார். அவ்வளவுதான் ஆதாரம். செத்த நாள் தெரியாதவர்களுக்குச் சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் படையல் என்பது வழக்கம். மான்போக் ஒரு வருஷம்கூடத் தவறவிடவில்லை.

போன மாதம் வடக்கிலிருந்து, பிரிந்த உறவினரைச் சந்திக்க விரும்புவோர் பட்டியல் வந்தது. அதில் காலஞ்சென்ற மான்சிக்கும் இருந்தார். தம்பியைப் பார்க்க விருப்பம் என்று எழுதியிருந்தார்.

கும்காங் மலை ஓட்டலில் மூன்று நாள் சந்திப்பு. முதல் நாள் பெரிய கூடத்தில் எல்லாக் குடும்பங்களும் கூட்டாக அழுதன. இரண்டாம் நாள் அவரவர் அறையில் இரண்டு மணி நேரம் தனியாக. காலண்டரைப் பார்த்த கும்ஜாவுக்குப் பகீரென்றது. அன்றைக்குத்தான் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள். பெரியப்பா தன் திதிக்குத் தானே நேரில் வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு, மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆல்பம் கொண்டாந்தியாமே, காட்டுடா" என்றார் மான்சிக்.

படையல் படங்களையெல்லாம் கும்ஜா முன்கூட்டியே உருவியிருந்தாள். ஒன்றைத் தவிர. அது இன்னொரு படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்து, பெரியவர் மடியில் சொத்தென்று விழுந்தது. சட்டத்துக்குள் பதினெட்டு வயது மான்சிக், மேலே கறுப்பு நாடா. முன்னால் பழம், சோறு, கருவாடு. எதிரே, தரையில் நெற்றி பதித்துக் கிடக்கும் மான்போக்கின் பின்புறம்.

நாளை மதியம் பேருந்துகள் கிளம்பிவிடும். அண்ணன் இப்போது கோபித்துக்கொண்டு எழுந்து போனால், அந்தக் கோபத்தைத் தீர்க்க இன்னொரு ஜென்மம்தான் எடுக்க வேண்டும்.

"அண்ணே... அது வந்து... கேள்விப்பட்டதை நம்பிட்டேன்."

மான்சிக் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"காது பெருசா விழுந்த போட்டோவைத்தான் வெச்சியா?"

"இது ஒண்ணுதான் சட்டைப்பையில இருந்துச்சு."

"எத்தனை தடவை விழுந்து கும்பிட்டே?"

"ரெண்டு." உயிரோடிருப்பவருக்கு ஒன்று, செத்தவருக்கு இரண்டு. அந்தக் கணக்கு வேலிக்கு இரு பக்கமும் ஒன்றுதான்.

"அம்மா திதியன்னிக்கு ஓரமா உனக்கும் ஒரு கிண்ணம் சாராயம் ஊத்துவேன்டா" என்றார் மான்சிக் மெதுவாக. "கப்பல் முழுகியிருக்கும்னு நெனச்சேன்."

மான்போக்குக்கு மூச்சு வந்தது. "நீங்களும் கும்பிட்டீங்களா?"

"பெரியவன் சின்னவனைக் கும்பிடுவானா, மடையா? திட்டுவேன். மூணு நாள்னியே, எங்க போய்த் தொலைஞ்சேடான்னு திட்டிட்டு, கிண்ணத்தை நானே குடிச்சிடுவேன்."

இரண்டு கிழவர்களும் சிரித்த சிரிப்பில் கும்ஜா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். சிரித்து முடித்ததும் மான்சிக் மறுபடி படத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நாக்குமீன் எங்க? தினையும் மிளகாயும் போட்டு அம்மா ஊறவெப்பாளே?"

"படையல்ல மிளகாய் ஆகாதுண்ணே. காரத்துக்கு ஆவி கிட்ட வராது."

"முப்பத்திரண்டு வருஷமாப் பத்தியச் சாப்பாடா! குண்டுக்கே பயப்படாதவன் மிளகாய்க்கா ஓடப்போறேன்?" பெரியவர் குரல் தாழ்ந்தது. "டேய், இதை நிறுத்திடாத. நாளைக்குப் போனா கடுதாசி கிடையாது, போன் கிடையாது. நான் போய்ச் சேர்ந்தா உனக்கு யாரு சொல்லுவா? அதனால நாள் இதே இருக்கட்டும். மீன் வை. ஆனா ஒரு கும்பிடுதான். ரெண்டாவதைப் பாக்கி வை. உறுதியாத் தெரியாம போடக் கூடாது, ஆமா."

"சரிண்ணே. நீங்க எனக்கு ஊத்தற கிண்ணம்?"

"திட்டிக்கிட்டே இருப்பேன். அதுல என்ன, உயிரோட இருக்கிறவனையும் திட்டலாம்."

அடுத்த வருஷம் அதே நாள். சொக்சோ வீட்டில் படையலுக்கு நடுவே சிவப்பாக, மூக்கைத் துளைத்துக்கொண்டு நாக்குமீன். "அக்கம்பக்கத்துல நம்மளைப் பைத்தியம்பாங்கப்பா" என்றாள் கும்ஜா. சட்டத்திலிருந்து கறுப்பு நாடாவை அவளே கழற்றிவிட்டிருந்தாள்.

மான்போக் முட்டியை மடக்கி, கைகளை ஊன்றி, நெற்றியைத் தரையில் வைத்தான். எழுந்தான். முப்பத்திரண்டு வருஷப் பழக்கத்தில் முட்டி தானாகவே மறுபடி மடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"என்னப்பா, பிடிச்சுக்கிச்சா?"

"இல்லம்மா. இவ்வளவுதான்."

அந்த அரைகுறைக் குனிவிலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அண்ணனுக்கு வைத்த மீனில் ஒரு துண்டைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"மிளகாயைக் கொட்டிட்டேனா?" என்றாள் கும்ஜா.

"சரியா இருக்கு" என்றான் மான்போக். "அவர் திட்டறது இங்க வரைக்கும் கேக்குது."