மூன்று பத்துக்கு முழங்கால் அளவு

"மூணு மேடு, மூணு பள்ளம்! எண்ணுங்க தலைவரே, எண்ணுங்க! நான் எண்ணினா அப்புறம் தங்கச்சி பொய்க்கணக்கு எழுதிட்டான்னு சொல்லுவீங்க!"

"எண்ணிட்டுதான்மா இருக்கேன். நீ கத்துற கத்துல அலையே வழி மறந்துடும் போல."

அவள் இரண்டு மீட்டர் அளவுகோலை கடலுக்குள் நிற்கும் பழைய கம்பங்களில் மூன்றாவது வரிசைக் கம்பத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். அலை ஏறும்போது ஓர் எண், இறங்கும்போது ஓர் எண். அப்படி மூன்று தடவை எடுத்து நடுவைக் குறிக்க வேண்டும். துறைமுகத்தில் கடல்மட்டம் பார்க்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவளுடைய அண்ணன் பதினொரு வருடமாக அங்கே அந்த வேலைதான் பார்த்தான், மூன்று மாதத்துக்கு முன்பு படுக்கையில் விழும்வரை.

"இருபத்தாறு," என்றார் தலைவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு அம்பது."

கழுத்தில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்கிய செல்போனை அவள் வாயருகே இழுத்தாள். "அண்ணா! இருபத்தாறு சென்டி! நீ எவ்வளவு வரும்னு எழுதி வச்சே?"

போனில் முதலில் மூச்சுதான் வந்தது. பிறகு, "இருபத்தாறு."

"ஐயோ, அப்படியேவா! தலைவரே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. ஒரு தடவை சரியா வந்துட்டா ஆச்சா?"

"பட்டாசு," என்றது அண்ணன் குரல், அவளை அவன் கூப்பிடும் பெயரில். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "அவரை... நனையாம... விடாதே."

தலைவர் சிரித்துவிட்டார். "பேச முடியலன்றாங்க. என்னைக் கிண்டல் பண்ண மட்டும் எங்கேருந்துதான் வருதோ."

அண்ணனுக்கும் தலைவருக்கும் ஆறு வருடச் சண்டை. எழுபத்தாறு வருடங்களுக்கு முன்பு, இதே தேதியில், இதே கரைக்குப் படகுகளில் வந்த சிப்பாய்கள் இந்தக் கம்பங்களுக்கு நடுவே குதித்தார்கள். நாற்பத்தொரு பேர் மணலைத் தாண்டவில்லை. அவர்களுக்காக ஊர் ஒவ்வொரு வருடமும் அன்று மாலை நாலு பத்துக்குக் கரையில் இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கும். அந்த நேரம் வந்தது ஒரு வயர்லெஸ்காரனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து. பென்சிலில் மூன்றே வரிகள். 'மணி 4.10. மூன்றாம் வரிசைக் கம்பம். தண்ணீர் முழங்கால்.'

கரையோர அருங்காட்சியகத்தில் அவள் வழிகாட்டி. அந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு நாளைக்கு ஆறு கூட்டத்துக்குக் காட்டுவாள். ஆறு தடவையும் அவளுக்கே புல்லரிக்கும். நாள் முழுக்கப் படபடவென்று பேசியும் தீராமல் வீட்டுக்கு வந்து அண்ணிக்கு இன்னொரு தடவை சொல்லுவாள்.

அவள் மறந்துவிட்டுப்போன குடையைக் கொடுக்க ஒருநாள் அங்கே வந்த அண்ணன், கண்ணாடிக்குள் இருந்த அந்த மூன்று வரிகளைப் படித்துவிட்டுச் சிரித்தான். "இந்தத் தேதியில, நாலு பத்துக்கு, அந்த இடத்துல முழங்காலா? சான்ஸே இல்ல. நெஞ்சு வரைக்கும் இருந்திருக்கும்." சமையல்காரர் வாசனையிலேயே உப்பு குறைச்சல் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

அதற்கப்புறம் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. துறைமுகத்தின் பழைய பதிவேடுகளை இறக்கித் தூசி தட்டினான். போர் நடந்த வருடங்களில் மட்டும் நேரத்துக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ஊர் மணி, போர் மணி. போருக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். வயர்லெஸ்காரன் கையில் ஓடியது போர் மணி. அதாவது படகுகள் வந்தது மூன்று பத்துக்கு. ஊர் இத்தனை வருடமும் எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வந்து தலைகுனிந்துகொண்டிருக்கிறது.

நினைவுக் குழுவில் சிரித்தார்கள். அவனுக்கு 'ஒருமணி' என்று பெயர் வைத்தார்கள். குழுத்தலைவர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், அவர் மட்டும் சிரிக்கவில்லை. கோபப்பட்டார். நாலு பத்து என்று வகுத்தது அவருடைய அப்பா. "எங்கப்பா தப்பான நேரத்துல வந்து அழுதுட்டுப் போனாருன்னு சொல்றியா?" என்று மேஜையைத் தட்டினார்.

அண்ணன் காத்திருந்தான். நிலா பத்தொன்பது வருடத்துக்கு ஒருமுறை அதே தேதிக்கு ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து நிற்கும். நாலு பத்தொன்பது எழுபத்தாறு. இந்த வருடம் கடல் அன்று ஏறியதுபோலவே ஏறும். கம்பங்களின் அடி பாறையில் இருப்பதால் மணல் நகர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 'வந்து நின்று பாருங்கள். மூன்று பத்துக்கு முழங்கால் வரவில்லை என்றால் நான் இனி வாயைத் திறக்கவில்லை' என்று படுக்கையிலிருந்தே தலைவருக்குக் கடிதம் எழுதினான். 'வருகிறேன்' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

இன்று காலை பக்கத்து வீட்டு டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு அண்ணியை வாசலுக்குக் கூட்டிப்போய், "இன்னிக்குப் பொழுதைத் தாண்டுறது கஷ்டம்மா," என்றார். உள்ளேயிருந்த தங்கை அதைக் கேட்டுவிட்டாள். நான் எங்கேயும் போகமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ போகலன்னா வேற யாரு போவா?" என்றான் அண்ணன். "அண்ணிக்குத் தண்ணின்னாலே பயம். எனக்கு... எழுந்திருக்கவே முடியல."

"போ," என்றாள் அண்ணி. "போனை அவர் காதுலயே வச்சிருக்கேன்."

"ரெண்டு அம்பத்தஞ்சு!" தலைவர் இப்போது அவள் சொல்வதற்கு முன்பே அளவுகோல் மேல் குனிந்திருந்தார். "மேடு முப்பத்தஞ்சு... பள்ளம் இருபத்தேழு..." ஒரு அலை வந்து அவர் சட்டையை நனைத்துவிட்டுப் போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணா, முப்பத்தொண்ணு! அவரு நனைஞ்சுட்டாரு!"

"சரியாத்தான்," என்றது போன், "ஏறுது."

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த மூன்று வரிகள் இப்போது அவள் காலைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தன. இதோ இங்கேதான் அந்த வயர்லெஸ்காரன் குதித்தான், நோட்டுப் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பான், முழங்கால் தண்ணீரில் ஓடிப்பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும் என்று தலைவரிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "ஓடிப் பாருங்க தலைவரே! நாலு அடி ஓடிப் பாருங்க!" தலைவர் நிஜமாகவே நாலு அடி ஓடிப் பார்த்தார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "அடேயப்பா," என்றார்.

"மூணு மணி. முப்பத்தேழு."

"அண்ணா! முப்பத்தேழு!"

கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு அண்ணியின் குரல். "சொல்லு. போன் அவர் காதுலதான் இருக்கு."

"முப்பத்தேழுன்னு சொல்லுங்க அண்ணி! அண்ணன் எழுதி வச்சதும் அதானே?"

காகிதம் சரசரத்தது. "அதேதான்."

"பேச முடியலன்னா பேச வேணாம்னு சொல்லுங்க. இன்னும் பத்தே நிமிஷம்!"

அந்தப் பத்து நிமிடமும் அவள் கண் அளவுகோலை விட்டு நகரவில்லை. தலைவர் கடிகாரத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். மூன்று ஒன்பது. மேடு. பள்ளம். மேடு. பள்ளம். மேடு. தண்ணீர் இறங்கி, அவள் முழங்கால் எலும்பைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றது.

"நாப்பத்தெட்டு," என்றார் தலைவர்.

"முழங்கால்!" அவள் குதித்த குதியில் கம்பத்தின் மேலிருந்த பறவைகள் மொத்தமாகக் கிளம்பின. "அண்ணா! மூணு பத்து! மூணாவது வரிசை! முழங்காலேதான்! நீ சொன்னது சரி அண்ணா, கேக்குதா? இம்மி பிசகல! ஜெயிச்சுட்டே அண்ணா, ஜெயிச்சுட்டே!"

தலைவர் அவளைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், படகிலிருந்து இறங்கியவனைப் போல. ஈர மணல், அதற்கப்பால் மாலைக் கூட்டத்துக்காக வரிசையாகப் போட்டிருந்த காலி நாற்காலிகள்.

"எங்கப்பா பாவம்," என்றார். "நேரம் தவறாம வருவாரு."

தொப்பியைக் கழற்றினார். "நில்லுமா. ரெண்டு நிமிஷம். இப்பதானே நிக்கணும்."

நின்றார்கள். அவள் பிறந்ததிலிருந்து சேர்ந்தாற்போல இரண்டு நிமிடம் வாயை மூடியதில்லை என்று அண்ணன் சொல்வான். முதல் நிமிடத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. இரண்டாவது நிமிடத்தில்தான் கழுத்தில் தொங்கிய போனைக் கேட்டாள். மத்தியானம் முழுக்க அதிலிருந்து மூச்சுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. இப்போது ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

தலைவர் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்வரை அவள் அசையவில்லை.

"அண்ணி," என்றாள்.

"வாம்மா," என்றாள் அண்ணி.

வீடு கரையை ஒட்டிய இரண்டாவது தெரு. தண்ணீரைக் கடந்து மணலேறி அவள் ஓடி வந்தபோது டாக்டரம்மா ஏற்கெனவே கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அண்ணனின் வாய் ஏதோ எண்ணைச் சொல்லப்போவதுபோல லேசாகத் திறந்திருந்தது. அவள் ஈரக் காலோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நேரம் என்னன்னு போடட்டும்? நீங்க எனக்குப் போன் பண்ணும்போது மூணு பதிமூணு. மூணு பத்துன்னு போட்டுடவா?"

"இல்ல," என்றாள் அண்ணி. "ரெண்டு அம்பத்தேழு."

"தோராயமா போட்டா போதும்மா. யாரும் கேக்கப்போறதில்ல."

"தோராயமா போட்டா அவரு எழுந்து வந்து சண்டை போடுவாரு. ரெண்டு அம்பத்தேழு. நான் பாத்தேன்."

டாக்டரம்மா எழுதினார். பேனாச் சத்தம் கேட்டது. அவள் மனதுக்குள் கணக்கு ஓடியது. ஓடாதே என்றாலும் ஓடியது. முப்பத்தொன்றுக்கு அவன் இருந்தான். முப்பத்தேழுக்கு இல்லை. நாற்பத்தெட்டுக்கு...

"அண்ணி. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ஓடி வந்திருப்பே. மூணு பத்துக்கு அங்க யாரும்மா நிப்பா?" அண்ணி போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "போன் காதுலயேதான் இருந்துச்சு. நீ கத்தி முடிக்கிற வரைக்கும் நான் எடுக்கவே இல்ல."

டாக்டரம்மா போன சிறிது நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். தலைவர். இடுப்பு வரை ஈரம், கையில் அவள் கடலிலேயே விட்டுவிட்டு வந்த அளவுகோல். கரையிலிருந்து மைக் செட்டில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷமே மேடையில சொல்லிடலாம்னு... அவன்கிட்ட ஒரு வார்த்தை..." என்று தொடங்கியவர் அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உள்ளே வாங்க," என்றாள் அண்ணி. "நீங்களே சொல்லுங்க. ஆறு வருஷமா உங்க வாயால கேக்கணும்னுதான் இருந்தாரு."

தலைவர் தயங்கி, கட்டிலருகே இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். கையில் காகிதம் எதுவுமில்லை.

"ரெண்டு அம்பதுக்கு இருபத்தாறு. ரெண்டு அம்பத்தஞ்சுக்கு முப்பத்தொண்ணு. மூணு மணிக்கு முப்பத்தேழு. மூணு பத்துக்கு நாப்பத்தெட்டு, முழங்கால்." கொஞ்சம் நிறுத்தினார். "காத்து இல்ல. அலை சின்னது. நான்தான் எண்ணினேன்பா, உன் தங்கச்சி இல்ல."

மைக்கில் அவர் பெயரைச் சொல்லாமல், தலைவர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும், தலைவர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்றார்கள்.

"உங்களைத் தேடுறாங்களே," என்றாள் அவள்.

"தேடட்டும். ஒரு மணி நேரம் லேட்டா வந்தவங்களுக்கு இன்னும் அஞ்சு நிமிஷத்துல என்ன வந்துடப்போகுது." சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டென்று எழுந்தார். "நாலு பத்துக்கு நெஞ்சு வரைக்கும் வரும்னு சொன்னான் இல்ல? அதை இன்னும் பாக்கல."

"தலைவரே..."

"பாதி பாத்துட்டு எப்படி எழுதுறது?"

போய்விட்டார். அவள் ஜன்னலுக்கு வந்தாள். எதிர் வீடுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் கரை தெரியும்; நாற்காலிகள், தலைகள், அதற்கப்பால் கம்பங்களின் நுனிகள். தலைவர் நாற்காலிகளின் நடுவே வேகமாக நடந்து வந்தார். மேடையைத் தாண்டினார். மைக் செட்காரர் கையை நீட்டி என்னவோ கேட்டார். தலைவர் நிற்கவில்லை. முதல் வரிசைக் கம்பம். இரண்டாவது வரிசை. மூன்றாவது வரிசையில் போய்க் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றார். தலையும் தோளும் மட்டும்தான் தெரிந்தன.

அண்ணி எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நெஞ்சளவு," என்றாள், கட்டில் பக்கம் திரும்பாமல், பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சொல்வதுபோல.

கரையில் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். என்ன ஏதென்று தெரியாமலே, ஒவ்வொருவராக, எல்லாரும் எழுந்து நின்றார்கள்.