ஐந்து பதினாலாம் நம்பர்

1

ஒரு மனு எழுத உட்கார்ந்தேன், வந்தது இந்தக் கதை. நாளைக் காலை பத்து மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். அதற்குள் மனுவில் ஒரு வீட்டைக் குறிப்பிட்டு ஒரு பெண்மணியிடம் கொடுத்தாக வேண்டும். சரியான வீட்டைப் போட்டால் ஒருவர் மானம் கப்பலேறும். தப்பான வீட்டைப் போட்டால் ஒரு பாவமும் அறியாத இன்னொருவர் மாட்டிக்கொள்வார். காலையிலிருந்து இரண்டையும் போடாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், வாசகரே.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நகரத்தின் இரைச்சலுக்கு அப்பால், அமைதியின் மடியில்...' அடச்சீ. இது வீடு விற்றவர்கள் அச்சடித்த தாளில் இருந்த வரி. அதை நம்பித்தானே வந்து விழுந்தோம்.

2

கதாநாயகனுக்குப் பெயர் வேண்டாம். இயந்திரங்களோடு வரும் கையேடுகளை வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்க்கிறவர். கையேட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். (அவர் நல்லவரா என்று இப்போதே கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.)

குடிவந்த மறுநாள் மாலை நடக்கப் போனார். வளைந்து வளைந்து போகும் தெரு, ஒரே உயரத்தில் வெட்டிவிட்ட செடிகள், சந்தன நிறத்தில் வீடுகள். திரும்பி வந்து தன் வீட்டுக் கதவில் சாவியைத் திருகினால் திறக்கவில்லை. உள்ளே நாய் குரைத்தது. அவர் வீட்டில் நாயே கிடையாது! தூக்கிவாரிப் போட்டது மனுஷனுக்கு.

சத்தம் கேட்டுக் காவலாளி ஓடிவந்தார். "சார், இது நாலாம் கட்டம். உங்களுது ரெண்டாம் கட்டம்."

"தெருப் பேரு அதேதானே போட்டிருக்கு? நம்பரும் பதினாலுதானே?"

"அஞ்சு கட்டத்துக்கும் ஒரே வரைபடம்தான் சார். ஒரு தடவை அனுமதி வாங்கி அஞ்சு தடவை கட்டிட்டாங்க. பேரும் ஒண்ணு, நம்பரும் ஒண்ணு. பழகிடும்."

"எவ்வளவு நாள்ல?"

"எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

கட்டத்தின் எண்ணையாவது வாசலில் எழுதி மாட்டலாம் என்றால் சங்கம் விடாது. முகப்பின் அழகு கெட்டுவிடுமாம். அதனால் ஊருக்குள் தானாக ஒரு வழக்கம் வந்திருந்தது. பொட்டலம் மாறி வந்தால் யாரும் வீடு தேடிப் போவதில்லை. காவல் கூண்டுக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு சீட்டு ஒட்டி வைத்துவிடுவார்கள். உரியவர் வந்து எடுத்துக்கொள்வார். முகம் பார்க்கவே வேண்டாம்.

3

முதல் பொட்டலத்தை அவர் தெரியாமல் பிரித்துவிட்டார். உள்ளே ஆறு ஜோடிப் பற்கள், ஈறோடு! அலறிய அலறலில் அவர் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். அப்புறம்தான் பார்த்தார்கள், பிளாஸ்டர் மாவில் வார்த்த அச்சுகள். மூன்றாம் கட்டத்துப் பதினாலாம் நம்பரில் ஓர் அம்மாள் மருத்துவமனைகளுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறாராம்.

'உங்கள் பற்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. மன்னிக்கவும், பிரித்துவிட்டேன்' என்று சீட்டு எழுதி பெஞ்சில் வைத்தார். மறுநாள் அங்கே பதில் இருந்தது: 'கடிக்கலையே தம்பி?'

அப்படித்தான் பல்லக்கா அறிமுகமானார். இரண்டு வருஷம், நாற்பது ஐம்பது சீட்டுகள். அவர் வீட்டுக்காரர் மின்தூக்கி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர் என்பதும், வாய் ஓயாமல் பேசுவார் என்பதும் சீட்டில் தெரிந்ததுதான். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நடந்தால் ஏழு நிமிஷத் தூரம். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

4

(இந்தப் பகுதியை நான்கு முறை கிழித்தேன். இது ஐந்தாவது.)

போன மாதம் ஒரு நாள், பகல் பதினொன்றரை. கையேட்டுக்காரர் மாவு பிசையும் இயந்திரம் ஒன்றின் கையேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாசல் பேசியில் மணி அடித்தது.

"பதினாலாம் நம்பர்தானே? கதவைத் திறங்க, சீக்கிரம்!"

பொட்டலம் கொண்டுவருகிற யாருக்குத்தான் அவசரம் இல்லை? அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்களுக்கு எதுவும் இல்லைங்க. வேற கட்டமா இருக்கும். காவல் கூண்டுல இறக்கி வச்சுட்டுப் போயிடுங்க."

வந்தது ஆம்புலன்ஸ்.

அவர்கள் கூண்டுக்குப் போனார்கள். காவலாளி சுற்றுக்குப் போயிருந்தார். ஐந்தாம் கட்டத்தில் தேடினார்கள், நாலாம் கட்டத்தில் தேடினார்கள், கடைசியில்தான் மூன்றாவது. பதினொரு நிமிஷம் போய்விட்டது.

5

போன வாரம் பெஞ்சில் ஒரு சீட்டு: 'தம்பி, ஒரு மனு எழுதணும். நீ நல்லா எழுதுவ. வீட்டுக்கு வா.'

கையேட்டுக்காரர் நேற்றுப் போனார். எங்கே கண்ணாடி, எங்கே மாடிப்படி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. தன் வீட்டுக்குள்ளேயே அந்நியனாக நுழைகிற மாதிரி இருந்தது. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் பல்லக்காவின் வீட்டுக்காரர். வலது கை மடியில் கிடந்தது.

"பக்கவாதம். சொன்னா எல்லாம் புரியுது, பேச்சுதான் வரல" என்றார் பல்லக்கா. "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பேச்சையாவது காப்பாத்தியிருக்கலாம்னாரு டாக்டர். எவனோ ஒரு படுபாவி, இறக்கி வச்சுட்டுப் போங்கன்னு சொன்னானாம். மனுஷன் சொல்ற பேச்சா தம்பி இது?"

"எந்த வீடுன்னு..."

"டிரைவருக்கு நினைப்பில்லையாம். எல்லா வாசலும் ஒரே மாதிரி இருக்காம். ஆனா எனக்குத் தெரியும். அஞ்சாம் கட்டத்துக்காரன்தான். எதிர்ல வந்தா சிரிக்கக்கூட மாட்டான். அவன் வீட்டைப் போட்டு எழுதிடு. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நானே படிக்கிறேன்."

நாற்காலியிலிருந்து இரண்டு கண்கள் கையேட்டுக்காரரையே பார்த்தன. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன்.

(பார்த்தீர்களா, கை உளறிவிட்டது. 'அவர்' என்று திருத்தலாம். திருத்தப் போவதில்லை.)

6

கையேட்டுக்காரன் நான்தான்.

நாலாம் பகுதியில் ஒரு விஷயத்தை விழுங்கிவிட்டேன். பேசியை வைத்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் வெள்ளை வண்டி, மேலே விளக்கு சுழன்றது. பகீரென்றது. நில்லுங்க, அஞ்சு பதினாலு இருக்கு, நான் காட்டுறேன் என்று ஒரு கத்துக் கத்தியிருந்தால் நின்றிருக்கும். கத்தியிருந்தால், அப்படிச் சொன்னவன் நான்தான் என்று அவர்கள் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். அதற்குக் கூசிப்போய் நின்றேன். வண்டி திரும்பிவிட்டது.

மனைவியிடம் நேற்றுதான் சொன்னேன். "வாயை மூடிட்டு இருங்க. வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். ஜன்னல் விஷயத்தையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

முடிவு ஒன்று: ஐந்தாம் கட்டம் என்று எழுதுகிறேன். சிரிக்கத் தெரியாத அந்த மனிதர் கூட்டத்தில் எழுந்து நின்று திருதிருவென்று விழிக்கிறார், நான் பின்வரிசையில்... வேண்டாம், இதை எழுதினால் சோறு இறங்காது.

முடிவு இரண்டு: எனக்குக் காய்ச்சல். மனு எழுத முடியவில்லை. பல்லக்கா வேறு யாரையாவது பிடித்து... அதிலும் அதே ஐந்தாம் கட்டம்தான் இருக்கும்.

மூன்றாவது முடிவை எழுத வேண்டியவன் நான் இல்லை. இவ்வளவு நேரம் வாசகரே என்று பொதுவாகப் பேசியது கோழைத்தனம். இதைப் படிக்க வேண்டியது ஒரே ஒருவர்தான்.

அக்கா, நீங்கள் கேட்ட மனு இதுதான். இரண்டாம் கட்டம், பதினாலாம் நம்பர். மாமாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படித்து முடிக்கும்வரை உங்கள் வாசலிலேயே நிற்கிறேன்.