சாசர்மேல் ஆரஞ்சு

பெர்மாஸ் ஜெயாவில் மனோகரன் வீட்டுக்கு அந்த மாதம் யார் போனாலும் இரண்டு விஷயம் நிச்சயம் கிடைத்தது. ஒன்று, சூடாக ஒரு கிளாஸ் தேத்தண்ணீர். இன்னொன்று, மனிதத் தோள்மூட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு. சொற்பொழிவு மனோகரனுடையது. தேத்தண்ணீரைக் கொண்டு வந்து கொடுத்த அவர் மனைவி வாசுகிக்குத்தான் தோள் இறங்கியிருந்தது.

தீபாவளிக்காக வாசல் போர்ச்சைக் கழுவிவிடும்போது சோப்புத் தண்ணீர் வழுக்கி, விழாமல் இருக்கக் கையை ஊன்றியிருக்கிறார் வாசுகி. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது தோளின் பந்து மட்டும் இடம் விட்டு முன்பக்கம் நழுவிவிட்டது. மருத்துவமனையில் மருந்து கொடுத்து, பக்குவமாக இழுத்து உள்ளே சேர்த்து, கழுத்திலிருந்து ஸ்லிங் மாட்டிக் கையைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள்.

அங்கே மீனாள் என்ற பிசியோதெரபிப் பெண் ஒரு பிளாஸ்டிக் எலும்பு மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள்.

"அங்கிள், இடுப்பு மூட்டுல கிண்ணம் ஆழமா இருக்கும். பந்து உள்ள நல்லா உக்காந்துக்கும். தோள் அப்படி இல்ல. சாசர் மேல ஆரஞ்சு வச்ச மாதிரி. அதனாலதான் கைய எல்லாப் பக்கமும் சுத்த முடியுது, அதனாலதான் சுலபமா நழுவவும் செய்யுது."

"அப்ப எதுதான் அதைப் புடிச்சு வச்சிருக்கு?" என்று கேட்டார் மனோகரன்.

"சாசர் விளிம்புல ரப்பர் மாதிரி ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கு. அதுக்கு வெளிய உறை மாதிரி ஒரு சவ்வு. அதுக்கும் மேல நாலு தசைங்க, முன்னால, மேல, பின்னாலன்னு நின்னு பந்த அழுத்திப் புடிச்சுக்கும். எலும்பு புடிக்கறது கொஞ்சம்தான் அங்கிள். சுத்தி இருக்கிறதுதான் புடிக்குது. ஆன்ட்டிக்கு அதெல்லாம் இழுபட்டுக் கிடக்கு, ஆறணும். மூணு வாரம் ஸ்லிங்கக் கழட்டக் கூடாது. அப்புறமும் நாங்க சொல்ற வரைக்கும் கைய ஒசத்தி எதையும் எடுக்கக் கூடாது. இந்த வயசுல மறுபடி நழுவுச்சுன்னா தசைநார் கிழிஞ்சு போகலாம். ஆப்பரேஷன் வரைக்கும் போயிரும்."

மனோகரன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவர். தெரிந்த விஷயத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வாசுகியைப் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்ததும் வசதியாகப் போயிற்று. ஒரு பழத்தைச் சாசர் மேல் வைப்பார், லேசாகச் சாய்ப்பார், அது உருண்டு ஓடும். பிறகு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாய்ப்பார், அசையாது. "பாத்தீங்களா? சுத்தி இருக்கிறதுதான் புடிக்குது!" என்பார். வந்தவர்கள் அசந்து போவார்கள். அதற்குள் வாசுகி இடது கையில் தட்டை ஏந்திக்கொண்டு தேத்தண்ணீரோடு வந்துவிடுவார்.

மகன் ரூபேந்திரன் இருட்டோடு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன். கழற்றி நாற்காலியில் போட்ட சட்டை தானாகவே துவைந்து, காய்ந்து, அலமாரிக்குப் போய்விடும் என்று இருபத்து நாலு வயதிலும் நம்பிக்கொண்டிருந்தான்.

இருவரும் கெட்டவர்கள் இல்லை. வாசுகியை நோகும்படி ஒரு சொல் சொன்னதில்லை. கை வலிக்கிறதா என்று தினமும் அக்கறையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

தீபாவளி நெருங்கியது. இந்த வருஷம் ஓப்பன் ஹவுஸ், வர்றவங்க எல்லாருக்கும் விருந்து, நம்ம வீட்டில்தான் என்று கோயில் கமிட்டியிலும் தொழிற்சாலையிலும் மனோகரன் முன்பே சொல்லி வைத்திருந்தார். சொன்ன வாக்கை எப்படி மாற்றுவது? இரண்டாவது வாரம் முடிவதற்குள் அவர் கண் அந்த ஸ்லிங்கின் மேல் விழுந்தது.

"வாசு, நல்ல நாளும் அதுவுமா இத மாட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"மூணு வாரம்னு சொன்னாங்களேங்க."

"சில நாள் முன்ன பின்ன ஆனா என்ன லா? வலிதான் கொறஞ்சிருச்சே."

வாசுகி ஸ்லிங்கைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்தார். பண்டிகை வீட்டில் அபசகுனமாக எதையும் மாட்டிக்கொண்டு நிற்க அவருக்கும் மனமில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். கோயில் கமிட்டி நண்பர் சுகுமாறன், தன் மைத்துனர் ஒருவருக்குத் தோள்வலி என்று பேச்சை ஆரம்பித்தார். அது போதாதா? மனோகரன் சாசரை எடுத்துவிட்டார்.

"என்னங்க," அடுப்படியிலிருந்து வாசுகி கூப்பிட்டார். "கேபினட் மேல இருக்கிற பிரியாணிச் சட்டிய எறக்கித் தாங்களேன்."

"இதோ வர்றேன் வாசு. சுகுவுக்குச் சொல்லிட்டு வர்றேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை குரல் வந்தது. "ரூபன், நீயாச்சும் வாடா." பண்டிகை லீவில் வீட்டிலிருந்த ரூபேந்திரன் காதில் இயர்போன்.

மனோகரன் ஆரஞ்சைச் சாசர் மேல் விரல்களால் அழுத்திப் பிடித்தார். "இந்த விரலுங்கதான் தசைன்னு வச்சுக்கோ. இதுங்க வேலைய விட்டுச்சுன்னா..."

அடுப்படியில் சட்டி தரையில் விழுந்து உருண்ட சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

வாசுகி கேபினட்டில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியிருந்தார். உருண்டையாக இருக்க வேண்டிய தோள் சப்பையாகிக் கிடந்தது. முகமெல்லாம் வேர்வை.

"கூப்பிட்டிருக்கலாம்ல வாசு!"

"கூப்பிட்டேங்க," என்றார் வாசுகி. "நீங்க பேசிட்டிருந்தீங்க."

மருத்துவமனையில் தோளை மறுபடி உள்ளே சேர்த்தார்கள். தசைநார் கிழிந்திருக்கிறது, பெரும்பாலும் ஆப்பரேஷன் செய்ய வேண்டிவரும், பழையபடி கையை முழுசாக உயர்த்த முடியுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் ஒரு மலாய்க்காரப் பெண். கோபமில்லாமல்தான் கேட்டார்: "ருமா தாடா ஓராங் கா?" வீட்டில் ஆள் இல்லையா?

வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தித் தோள்மூட்டை விளக்கிய மனோகரன் சுவரிலிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசுகிதான் சொன்னார், மலாயிலேயே. "ஆடா, டாக்டர். டுவா ஓராங்." இருக்கிறார்கள், இரண்டு பேர்.

குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அதனால்தான் மனோகரனுக்கு அது அதிகமாக வலித்தது.

ஓப்பன் ஹவுஸ் இல்லை என்று அன்று ராத்திரியே எல்லாருக்கும் தகவல் போயிற்று. ஆனாலும் தீபாவளியன்று சுகுமாறனும் அவர் மனைவி ராசம்மாவும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்துவிட்டார்கள். தோள்வலிக்கார மைத்துனரும் கூடவே வந்திருந்தார். புதுச் சேலைக்கு மேல் ஸ்லிங் மாட்டிக்கொண்டு வாசுகி சோபாவில் உட்கார்ந்திருந்தார். ரூபேந்திரன் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். மனோகரன் தட்டில் தேத்தண்ணீரைக் கொண்டு வந்து வைத்தார். பாதி சாசரில் கொட்டியிருந்தது.

"மனோ, அந்த ஆரஞ்சக் கொண்டா. மச்சானுக்கும் ஒரு தடவ காட்டு," என்றார் சுகுமாறன்.

மனோகரன் தலையை ஆட்டினார். "வேணாம் சுகு. சுத்தி இருக்கிறதுதான் புடிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னேன். இந்த வீட்டுல இவளச் சுத்தி இருந்தது நானும் ரூபனும்தான். நாங்க புடிக்கல. முதல் தடவ வழுக்குனதுல தோள் இறங்குச்சு. ரெண்டாவது தடவ இறக்குனது நான்தான்."

வாசுகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல ஒருத்தருக்கு முடியலன்னா, வலிக்குதான்னு கேக்கறதும் அதப் பத்தி நாலு பேருக்கு விளக்கறதும் உதவி இல்ல," என்றார் மனோகரன். "அவங்க செய்யற வேலைய நாம வாங்கிச் செய்யறதுதான் உதவி. இது தெரியறதுக்கு எனக்கு அவ கையே போக வேண்டியிருந்துச்சு. உங்களுக்கு அப்படி ஆக வேணாம்."

சுகுமாறன் காலி கிளாஸை ராசம்மாவிடம் நீட்டப்போனவர், கையை இழுத்துக்கொண்டார். எழுந்து, எல்லாருடைய கிளாஸையும் தட்டில் அடுக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தார்.

"சோப்பு இடது பக்கம் இருக்கு," என்றார் வாசுகி.