இகுவாசுவுக்கு நல்லெண்ணெய்

அருவிக்குப் போகிறவன் எண்ணெய் தேய்க்காமல் போவானா? கீரனூரிலிருந்து வேன் பிடித்துக் குற்றாலம் போகும்போதெல்லாம் அதுதானே வழக்கம். அந்த நினைப்பில்தான் பெரியண்ணன் பிரேசில் ஓட்டல் அறையில் விடியக்காலையிலேயே உச்சி குளிர நல்லெண்ணெய் வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, தோளில் துண்டோடு கிளம்பிவிட்டார்.

மகள் சத்யபிரியா சாவோ பாலோவில் இன்ஜினியர். அப்பாவையும் அம்மாவையும் முதல் தடவையாக வரவழைத்து, ஆபீஸ்காரர்கள் போன இகுவாசு அருவி டூரில் சேர்த்துக் கூட்டி வந்திருந்தாள்.

ஒன்றா இரண்டா! கண்ணுக்கெட்டிய மட்டும் அருவி அருவியாகக் கொட்டியது. "ஆத்தாடி!" என்று பெரியண்ணன் சம்சாரம் மீனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கண்ணோ குளிக்கிற இடத்தைத் தேடியது. அப்படி ஒரு இடமே இல்லை. எல்லோரும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏற ஏற எண்ணெய் நெற்றியில் வழிந்தது. மகளின் மேனேஜரம்மா வேறு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். திருச்சி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து எப்பேர்ப்பட்ட ஆளையும் வாயாலேயே மடக்கிய மனுஷன், துண்டால் நெற்றியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நாலு பேர் மத்தியில் பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிட்டோமே!

"ஏத்தா, நான் அங்கிட்டு மரத்தடியில நிக்கிறேன். நீங்க போய்ட்டு வாங்க."

"ஏம்ப்பா?"

"ஒன் மேனேஜர் பாக்குறாங்க. ஒனக்குத்தான்த்தா அசிங்கம்."

சத்யபிரியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, எண்ணெப் பாட்டிலக் குடு."

மீனம்மாள் பையைத் துழாவினாள். பாட்டிலோடு சீயக்காய்ப் பொட்டலமும் வந்தது.

"ஐயோ, சீயக்கா இங்க கூடாதும்மா. உள்ள வையி."

உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றி, பார்லரில் காசு கொடுத்து நேராக்கிவைத்திருந்த முடியில் அத்தனை பேர் முன்னாலும் தேய்த்துக்கொண்டாள் மகள். மேனேஜரம்மா கிட்டே வந்து என்னவோ கேட்டாள். சத்யபிரியா அந்த ஊர்ப் பாஷையில் மடமடவென்று பதில் சொன்னாள். அதில் பெரியண்ணனுக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. அப்பா. கீரனூர். இரண்டையும் அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"என்னத்தா சொன்ன?"

"எங்க கீரனூர்ல அருவின்னா வேடிக்க பாக்க மாட்டோம், எறங்கி நனைவோம், எங்கப்பா அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வந்துருக்காருன்னு சொன்னேன். வாங்க, கீழ படகு நிக்குது. நேரா அருவிக்கு அடியிலயே கொண்டுபோவான்."

ஆற்றைக் கிழித்துக்கொண்டு படகு அருவிக்குள் புகுந்தது. தண்ணீர் மண்டையில் மடேர் மடேரென்று அறைந்தது. மேனேஜரம்மா வீல் வீலென்று கத்திக்கொண்டு மீனம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் சத்யபிரியா, எண்ணெயும் தண்ணீரும் வழிய, சின்னப்பிள்ளையாய்ச் சிரித்தாள்.

பெரியண்ணன் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"எம் மகடா!" என்று கத்தினார். "இவ எம் மகடா!"

அந்த இரைச்சலில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவர் விடவில்லை, மறுபடியும் கத்தினார்.