கூட்டின் வாசல்

ஆய்வகத்தில் சூடுபண்ணும் தட்டு பழுதாகிக் கிடந்ததால், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் கண்ணாடி வில்லையை ஜன்னல் திட்டில் வெயிலுக்கு வைத்தேன். வடகத்தையே மொறுமொறுவென்று காயவைக்கிற மதுரைச் சித்திரை, ஒரு சொட்டு ஜெல்லியை இளக்காதா என்ற நினைப்பு.

அந்த ஜெல்லிக்குள் ஒரு கூடு இருந்தது. தூசியைவிடச் சிறியது. ராமநாதபுரக் கடலோரம் ஆழத்தில் தோண்டிய களிமண்ணிலிருந்து பிரித்தது. டைனோஃபிளாஜெல்லேட் என்கிற இந்தக் கடல் உயிர், காலம் சரியில்லை என்று பட்டால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு அடியில் போய்த் தூங்கிவிடும். நல்ல காலம் வந்ததும் ஓட்டில் ஒரு பலகையை மட்டும் நெட்டித் தள்ளிவிட்டு நீந்திப் போகும். கோடிக்கணக்கான வருஷங்களாக மண்ணில் கிடப்பது அந்த வெறுங்கூடு. அம்மாவுக்குப் பெயர் வாயில் நுழையாது. "ஒன் பூச்சி" என்பாள்.

எந்தப் பலகை திறக்கிறது என்பதை வைத்துத்தான் இனம் பிரிப்போம். என் கூட்டில் யாரும் சொல்லாத இடத்தில் ஒரு திறப்பு, பாதி மட்டும் தெரிந்தது. வழிகாட்டி நல்லகாமன் சார் பார்த்துவிட்டு, "வாசல் இல்லம்மா, கிழிசல்" என்றார். கிழிசல் என்றால் இது ஏற்கெனவே பேர் வைத்த இனம்; என் மூன்று வருஷமும் விழலுக்கு இறைத்த நீர். மற்றவை எல்லாம் நசுங்கியவை, முழுசாகக் கிடைத்தது இது ஒன்றுதான். ஜெல்லி சற்று இளகினால் மேல்கண்ணாடியை ஊசியால் தட்டிக் கூட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

அந்த நேரம் பார்த்துச் செல்லூரிலிருந்து அம்மாவின் போன். புது இனமானால் அப்பா பேரை வைக்கச் சொன்னாள். மீனா பேரைத்தான் வைப்பேன் என்றேன். மீனா என் தங்கை. பிடித்தவனோடு போன அன்று, அம்மா பச்சைத் தண்ணீரில் தலைமுழுகினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயர் இல்லை.

"செத்தவ பேரையா வைப்ப?" என்று போனை வைத்துவிட்டாள்.

அப்புறம்தான் வில்லை ஞாபகம் வந்து ஓடினேன். ஜெல்லி தண்ணீராகி ஓரத்தில் கசிந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், குறித்து வைத்திருந்த இடத்தில் கூடு இல்லை. பேன் பார்ப்பதுபோல வரிவரியாகத் தேடினேன். மைக்ராஸ்கோப்பின் வெளிச்சத்துக்குள் அந்தப் பழைய கடலே மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. நானும் அதோடு மிதந்தேன். மேல்கண்ணாடியின் விளிம்பில், விழப்போகிற இடத்தில் இருந்தது. தானாகவே புரண்டிருந்தது.

திறப்புக்கு ஆறு மூலை. நேரான ஓரங்கள். பிய்ந்த அடையாளமே இல்லை. பெயர்ந்த பலகை பின்னால் உள்ளே விழுந்து, கூட்டுக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது. சாரைக் கூப்பிட்டேன். வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"வாசல்தாம்மா."

அவர் போனதும் அம்மாவை அழைத்தேன். எடுத்தாள். அடுத்த வீட்டு விசைத்தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ம்மா, உள்ளயே செத்துருந்தா கூடு மூடியே கெடக்கும். இது தொறந்துருக்கு. உசுரோடதான் போயிருக்கு."

தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"எங்கிட்டுப் போச்சாம்?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வில்லையின் ஓரங்களை அடைக்க நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தேன். மீனா விட்டுப்போனது, அடியில் கொஞ்சம் மிச்சம். மறுமுனையில் அம்மா இன்னும் போனை வைக்கவில்லை. கூட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன்.