நிறுத்தக் கூடாத பாதை

சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதை ரௌனியின் வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. அதற்குத் தேவை ஏற்பட்டதும் இல்லை. நவம்பரில் கொட்டகைக்குப் போகும் சைக்கிள் ஏப்ரல்வரை குளிரிலேயே இருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகை காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது, திருட்டுப் போயிருக்க வேண்டும் என்றுதான் அவள் முதலில் எண்ணினாள். அடுத்து வந்த எண்ணம் அதைவிட மோசமானது. அதுவே உண்மையாகவும் இருந்தது.

நீராவிக் குளியலறையான சௌனாவை ஒட்டிய உடைமாற்றும் அறையில், நீளப் பலகைக்குப் பக்கத்தில், அடியில் ஒரு துண்டு விரிக்கப்பட்டுச் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அருகில் கையில் காப்பியுடன் மருமகன் செவெரி நின்றான். தெற்கே துர்க்கு நகரத்திலிருந்து ரௌனியின் மகளோடு வெள்ளிக்கிழமை வந்தவன்.

“நேத்து எல்லாரும் சௌனா முடிச்சப்புறமும் அடுப்புல நல்ல சூடு இருந்துச்சு,” என்றான். “வெளியில பாத்தா, பாவம், இது ஐஸ் ஒட்டிப்போய் நிக்குது. நாம மட்டும் என்ன ஒசத்தின்னு இதையும் உள்ள கூட்டிட்டு வந்துட்டேன்.”

“ராத்திரி முழுக்கவா?”

“முழுக்க! தண்ணியெல்லாம் சொட்டி எப்படிக் காஞ்சிருக்கு பாருங்க. துர்க்குல நாங்க இப்படித்தான் செய்வோம்.”

துர்க்குவில் குளிர்காலம் என்பது பெரும்பாலும் மழைதான். அங்கே அது சரியான செயலாகவே இருக்கக்கூடும். இங்கே, சொட்டிப்போன தண்ணீரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. சொட்டாத தண்ணீர்தான் கவலை. சூட்டில் உருகிய ஈரம் பின்சக்கரத்து ஃப்ரீவீலுக்குள் இறங்கும். அதனுள்ளே இருக்கும் சிறு இரும்பு நாக்குகள், மிதிக்கும்போது சக்கரத்தைப் பற்றிக்கொள்ள வேண்டியவை. ஈரம் உறைந்தால் அவை மடிந்தபடியே ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் அதை அறியாது.

இதை அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்து பழகிய செவெரி, யாரும் கேட்காமல் இந்த வீட்டில் செய்த முதல் காரியம் இது.

“ரொம்ப நன்றி, செவெரி,” என்றாள் ரௌனி.

“வேணும்னா சர்ச்சுக்கு நான் கார்ல கொண்டுவந்து விடட்டுமா? வெளியில மைனஸ் இருபத்தொன்பது.”

“எதுக்கு? இவ்வளவு ஜோராச் சைக்கிளைத் தயார் பண்ணி வெச்சுட்டு?”

அவன் முகம் மலர்ந்தது. அந்த வாக்கியத்தோடு அவளுக்கு இருந்த ஒரே வழி அடைபட்டது.

சைக்கிளை வெளியே நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். டிக், டிக் என்று நாக்குகள் ஒழுங்காகவே பேசின. ஒருவேளை தப்பிவிட்டதோ என்று நினைத்தாள். அப்படி நினைக்க விரும்பினாள் என்பதே சரி.

ரௌனி தீவுத் தேவாலயத்தின் ஆர்கன் வாசிப்பாளர். கோடையில் படகிலும், கடல் உறைந்து அதன்மேல் பாதை திறந்தபின் சைக்கிளிலும் போவாள். முந்தின குளிர்காலத்தில் ஒருமுறை, நழுவிய சங்கிலியை மாட்டுவதற்காகப் பாதி வழியில் கையுறையைக் கழற்றினாள். இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் மெழுகுபோல் வெளுத்துப்போயின. வாரக்கணக்கில் வலித்து, தோல் உரிந்து, திரும்பி வந்தன. “இன்னொரு தடவை இது நடந்தா இந்த ரெண்டும் திரும்பாது,” என்றார் மருத்துவர். “அப்ப நீங்க என்கிட்ட வர வேணாம், நேரா அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போயிடுங்க.” அன்றிலிருந்து அவள் இரட்டைக் கையுறை போட்டு, கைப்பிடிகளில் மாட்டிய தடித்த உறைகளுக்குள் கைகளை நுழைத்துத்தான் ஓட்டுவாள். வீட்டுக்கு வெளியே கையுறையைக் கழற்றுவதில்லை.

கரையில் அறிவிப்புப் பலகை வழக்கம்போல் நின்றது: பனிக்கட்டியின் மேல் நிற்கக் கூடாது, வண்டிகளுக்கிடையே இடைவெளி வேண்டும். பாரமுள்ள வண்டி ஓடும்போது தாங்கும் பனிக்கட்டி, அது நின்றால் மெல்லத் தாழும். இருபுறமும் ஊன்றிய மரக்கிளைகளுக்கு நடுவே பாதை வெண்மைக்குள் நேராகப் போய் மறைந்தது. ஆணி பதித்த டயர்கள் சரசரத்தன. ரௌனி மெல்லிய உடைகளே அணிந்திருந்தாள். மிதிப்பவருக்கு மிதிப்புதான் கம்பளி. புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிராவிட்டால் வழியில் வியர்க்கும். வியர்வையைக் காட்டிலும் குளிர் மேல்.

நடுக்கடலில், எந்தக் கரைக்கும் அருகில் இல்லாத இடத்தில், மிதிகட்டைகள் திடீரென்று எடையற்றுப் போயின. கால்கள் சுழன்றன; சக்கரம் உடன்படவில்லை. சைக்கிள் தன் கடைசி வேகத்தில் சற்று உருண்டு நின்றது.

அவள் பதறவில்லை. பிளாஸ்கிலிருந்த காப்பி முழுவதையும் ஃப்ரீவீலின் மேல் ஊற்றினாள். ஆவி எழுந்தது. நாக்குகள் ஒரு முறை டிக் என்றன. சைக்கிளில் ஏறி உட்கார்வதற்குள் காப்பியும் உறைந்துவிட்டது.

அப்போதுதான் பின்னால் வில்ஹோவின் லாரி வந்தது. தீவில் மாடு வளர்க்கிற வில்ஹோ, வைக்கோல் கட்டுகளை வண்டி கொள்ளாத அளவுக்கு ஏற்றியிருந்தான். பாரத்தோடு நிற்கக் கூடாதாகையால் நடை வேகத்துக்குத் தணித்து, கண்ணாடியை இறக்கினான்.

“என்ன ரௌனி, சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?”

“ஆமா, குளிர்காலத்துல ரொம்பச் சதை போட்டுருச்சு.”

“நல்லாத் தீனி போடுறே போல.”

“இப்பக்கூடக் காப்பி குடுத்தேன்.”

வில்ஹோ சிரித்தான். லாரி உருண்டுகொண்டே இருந்தது. அவன் தலை சன்னலில் பின்னோக்கித் திரும்பியது. “எல்லாம் சரிதானே?”

“எல்லாம் சரி!” என்று கையை உயர்த்தினாள் ரௌனி.

கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் எண்ணத்துக்கு இடமே இருக்கவில்லை. இந்தக் கரையோரத்தில் எல்லாரும் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைத்தான் சொல்வார்கள். வீடு எரிந்துகொண்டிருந்தாலும், முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள். அவன் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினான். “வில்ஹோ!” என்று அவள் கத்தியபோது, வைக்கோல் கட்டுகளின் முதுகுதான் கேட்டது.

லாரி ஒரு புள்ளியாகி இல்லாமல் போனது. பாதை மறுபடி நேராகவும் வெறுமையாகவும் கிடந்தது. முதுகில் இருந்த வியர்வை குளிர்ந்து, சட்டை தகடுபோல் விறைக்கத் தொடங்கியது. கைப்பேசி, எடுத்த கணமே ஒருமுறை ஒளிர்ந்து, குளிர் தாங்காமல் அணைந்தது. நடக்கலாம், ஆனால் தீவுக்கும் வீட்டுக்கும் தொலைவு ஏறக்குறைய ஒன்றே. மிதிப்பதற்கென்று உடுத்திய உடையில், கடல் காற்றில், நடை வேகத்தில் இரண்டுமே மிக அதிகம். ஒரு காலை மிதிகட்டையில் ஊன்றி, மறு காலால் உதைத்து உருட்டிப் பார்த்தாள். காற்று அவளை மார்பில் கை வைத்து நிறுத்தியது. சுவரில்லாத, கூரையில்லாத, எந்தப் பக்கமும் போகலாம் என்று திறந்து கிடந்த இடத்தில் அவள் அடைபட்டிருந்தாள்.

ஒரு வழி இருந்தது. பல்சக்கரத்தைச் சக்கரக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டிவிட்டால், ஃப்ரீவீல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மிதித்தால் சக்கரம் சுழன்றே ஆக வேண்டும். வடக்கில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அறிந்த கடைசி உபாயம் அது. கயிறும் இருந்தது: தலைமூடியின் நாடா, இசைத்தாள் பையின் நாடா, வண்டி வெளிச்சத்தில் ஒளிரும்படி கோட்டில் தொங்கிய வில்லையின் நூல். ஆனால் அந்த மெல்லிய நாடாக்களை இரட்டைக் கையுறையோடு முடிச்சிட முடியாது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஒரு கணம், செவெரி காரில் கொண்டுவிடுவதாகச் சொன்னபோது தான் சொன்ன பதிலை முழுமையாக, சொல் பிசகாமல் நினைத்துப் பார்த்தாள். பிறகு கையுறைகளைப் பல்லால் கழற்றினாள்.

முதல் முடிச்சு எளிதாக விழுந்தது. இரண்டாவதின்போது விரல்கள் கடுமையாக வலித்தன. மூன்றாவதின்போது வலி நின்றுவிட்டது. வலி நின்றதுதான் அவளை அச்சுறுத்தியது. கண்ணால் பார்த்துத்தான் நாடா கையில் இருக்கிறதா என்று அறிய வேண்டியிருந்தது. முடிச்சின் ஒரு முனையைப் பல்லால் பற்றி இழுத்தாள். உதட்டுத் தோல் உறைந்த இரும்பில் ஒட்டி, கொஞ்சம் அங்கேயே தங்கியது.

கையுறைகளுக்குள் கைகளைத் திணித்து ஏறி மிதித்தாள். நாடாக்கள் முனகின. சக்கரம் சுழன்றது.

இனி நிறுத்த முடியாது. புறப்படும்போதுதான் முடிச்சுகள் முழுப் பாரத்தையும் ஏற்கின்றன. இன்னொரு புறப்பாட்டை அவை தாங்கா. மறுபடி கட்டுவதற்கு அவளுக்கு விரல்கள் இல்லை. மிதிக்காமல் ஓடவிடவும் வழியில்லை. கால்கள் ஒரு கணம் தயங்கினாலும் சங்கிலி தொய்ந்து கம்பிகளுக்குள் சிக்கும். இமைகள் உறைந்து ஒட்டிக்கொண்டன; துடைக்கக் கை எடுக்காமல், முகத்தைச் சுளித்துச் சுளித்துப் பிரித்தாள். உறைகளுக்குள் விரல்களை மடக்கும்படி கட்டளையிட்டாள். மடங்கினவா என்ற செய்தி வரவில்லை. மரக்கிளை, மரக்கிளை, மரக்கிளை. வேகத்தைக் கூட்டினால் முடிச்சு அறும்; குறைத்தால் கை போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரே வேகத்தில், யாரோ அவளை ஓட்டிக்கொண்டு போவதைப்போல், அவள் போய்க்கொண்டிருந்தாள்.

தீவுக் கரையின் ஏற்றத்தில், வில்ஹோவின் லாரி என்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. ரௌனி நேரே அதன் பக்கவாட்டில் மோதித்தான் நின்றாள். ஏதோ ஒரு நாடா அறுந்தது. வில்ஹோ கீழே குதித்தான்.

“இங்கேயே நிக்கிறியா?” என்றாள். உதடுகள் சொற்களைச் சரியாக உருவாக்கவில்லை.

“நீ நின்னுக்கிட்டே கையைத் தூக்கினே. எப்பவும் ஓட்டிக்கிட்டேதானே தூக்குவே. அது இங்க வந்தப்புறம்தான் மண்டையில ஏறிச்சு.”

“அப்ப வர்றதுக்கென்ன?”

“வைக்கோலை இறக்கிட்டு வரலாம்னுதான் பாத்தேன்.” அவன் தரையைப் பார்த்தான். “ஆனா நீ எல்லாம் சரின்னு சொன்னியே. சொன்னவளைத் தேடிக்கிட்டு வந்தா, உன் பேச்சை நம்பலைன்னு ஆயிடாதா?”

“எவ்வளவு நேரம் யோசிச்சே?”

“என் பிளாஸ்க் காலியாகுற வரைக்கும்.”

அவன் அவளது கையுறைகளை உருவினான். வலக்கை விரல்கள் சிவந்தும் வெளுத்தும் திட்டுத்திட்டாக இருந்தன. இடக்கையின் கடைசி இரண்டு விரல்களில் நிறமே இல்லை.

“ஹீட்டர்ல காட்டலாமா?” என்றாள்.

“கூடாது. மரத்த விரல் வெந்தாலும் தெரியாது.” வில்ஹோ ஒரு கணம் தீவைப் பார்த்தான்; கடலைப் பார்த்தான்; கோட்டையும் உள்ளே இருந்த கம்பளிச் சட்டையையும் திறந்தான். “உள்ள வை. அக்குள்ல.”

அவனுடைய அப்பாவின் அடக்கத்தின்போது கைகுலுக்கியதைத் தவிர, அவர்கள் ஒருவரையொருவர் தொட்டதில்லை. அவள் கைகளை நுழைத்தாள். அவன் மூச்சை இழுத்துப் பிடித்து, கைகளை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் வைக்கோலைப் பார்த்தபடியும், அவள் வந்த வழியைப் பார்த்தபடியும் நின்றார்கள்.

“பிணத்தோட கை மாதிரி இருக்கு,” என்றான் வில்ஹோ.

“ஆறுதல் சொல்ல உன்கிட்டதான் வரணும்.”

சற்று நேரம் கழித்துக் கேட்டான்: “வருதா?”

“வலது வருது.”

“வலிக்குதா?”

“உயிர் போகுது.”

“நல்லது.”

இடக்கையில் கட்டைவிரல் முதலில் எரிந்தது, பிறகு அடுத்தது, பிறகு நடுவிரல். மோதிர விரல் வெகுநேரம் பேசாமல் இருந்து, சுத்தியால் அடித்ததுபோல் ஒரே நொடியில் திரும்பி வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. மறுபடி காத்திருந்தாள்.

மேட்டில் தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. ரௌனி கைகளை இழுத்தாள்.

“எல்லாம் சரிதானே?” என்றான் வில்ஹோ, அவள் கைகளை விடாமல்.

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்குவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இல்ல,” என்றாள். “சுண்டுவிரல் வரல.”

“அப்ப நில்லு.”

“மணி அடிச்சுட்டாங்க, வில்ஹோ.”

“அடிக்கட்டும். நில்லு.”

மணி ஓய்ந்தது. அதன்பின் ஆர்கன் தொடங்க வேண்டிய இடத்தில் என்ஜினின் ஒலி மட்டும் கேட்டது. அவன் கைகளை இன்னும் இறுக்கினான். அவள் நின்றாள்.