தனுஷியாவின் சிநேகிதி

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வராந்தாவில் நின்ற பாண்டிசெல்வியின் மனசில் ஒரே ஒரு சொல் சுற்றிக்கொண்டிருந்தது: நண்பர்.

அவள் தாயும் இல்லை, உறவும் இல்லை. ஏழு வயது தனுஷியாவைப் பார்க்க அனுமதி கேட்டு வந்திருந்தாள். யாரெல்லாம் ஒரு பிள்ளைக்காக மனுப் போடலாம் என்று சொல்கிற வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், உறவினரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே ‘நண்பர்’ என்றும் எழுதி வைத்திருக்கிறது. வக்கீல் ஜெயபாய் அதைச் சொன்னபோது பாண்டிசெல்விக்கு மயிர்க்கூச்செறிந்தது. முகம் தெரியாத எவனோ, என்றைக்கோ, தன்னை மாதிரி ஒருத்தி வருவாள் என்று நினைத்திருக்கிறானே! ஆனால் அந்தச் சொல் உள்ளே நுழையத்தான் உதவும். நுழைந்தபின் நீதிபதி பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளைக்கு எது நல்லது?

தனுஷியாவைப் பெற்ற காளீஸ்வரியும் பாண்டிசெல்வியும் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் அடுத்தடுத்த மெஷினில் நின்றவர்கள். ஒரே காம்பவுண்டில் குடியிருந்தவர்கள். பிள்ளை தவழும் முன்னே காளீஸ்வரி காய்ச்சலில் போய்விட்டாள். புருஷன் சதீஷ் பிள்ளையைப் பாண்டிசெல்வி கையில் கொடுத்துவிட்டுக் குவைத்துக்கு டிரைவராகப் போனான். போன வருஷம் திரும்பி வந்து, மறுமணம் முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பிடித்துப் பிள்ளையைக் கூட்டிப்போனான். அது நியாயம்தான் என்று பாண்டிசெல்வியே சொன்னாள். ஆனால், பழசு மறந்தால்தான் புது வீட்டில் ஒட்டும், இனிப் பார்க்க வராதே என்றானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைய விசாரணையில் சதீஷின் வக்கீல் ஒன்றே கேட்டார். வளர்த்தேன் என்கிறவளைப் பிள்ளை பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறது, ஒருநாளாவது அம்மா என்றதா? இல்லை என்றாள் பாண்டிசெல்வி. தினமும் விளக்கேற்றி, காளீஸ்வரியின் போட்டோவைக் காட்டி, இதுதான் அம்மா என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

வெளியே வந்ததும் ஜெயபாய் தலையில் கைவைத்தாள். “ஏட்டி, ஒரு தடவையாவது அம்மான்னு கூப்பிட விட்டிருக்கக் கூடாதா? கேஸையே கவுத்திட்டியே.”

“அது காளி இடம்க்கா. நான் எப்பிடி அதுல உக்கார?”

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு நீதிபதி அம்மா பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்தார். இதுமாதிரி வழக்கில் அப்படி ஒரு வழி உண்டு. வக்கீல்கள் கிடையாது, அப்பா கிடையாது. பிள்ளையும் நீதிபதியும் மட்டும். பிள்ளை சொன்னபடியே தீர்ப்பு வந்துவிடாது; ஆனால் விவரம் தெரிந்த பிள்ளையின் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்வார்கள். கதவு மூடியே கிடந்தது. உள்ளே ஒருமுறை சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு சதீஷையும் பாண்டிசெல்வியையும் உள்ளே கூப்பிட்டார்.

பிள்ளையிடம் அவள் அம்மாவைப் பற்றித்தான் கேட்டாராம். அம்மா நூலைப் பல்லால் கடித்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியது, கரப்பான்பூச்சியைக் கண்டு தள்ளுவண்டி மேலே ஏறி நின்றது என்று ஒன்றுவிடாமல் சொன்னதாம். யார் சொன்னது என்று கேட்டதற்கு, “செல்விதான்” என்றதாம்.

நீதிபதி சதீஷைப் பார்த்தார். “காளீஸ்வரிக்குச் சிரிச்சா தும்மல் வருமாமே, நிஜமா?”

சதீஷ் குனிந்துகொண்டான். “வரும்மா. அடுக்கடுக்கா வரும்.”

நீதிபதி பாண்டிசெல்வியைக் காட்டினார். “இவங்களுக்குப் பிள்ளை மேல உரிமை இருக்கான்னு நான் பாக்கலை. பிள்ளைக்கு இவங்க மேல உரிமை இருக்கு. அதைத்தான் பாக்கறேன்.”

தனக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்கத்தான் பாண்டிசெல்வி வந்திருந்தாள். நீதிபதி அம்மாவோ ஒரே பேச்சில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டு, கேட்கிற இடத்தில் பிள்ளையையும் கொடுக்கிற இடத்தில் இவளையும் நிறுத்திவிட்டார். சட்டத்துக்குள் இப்படியும் ஒரு கண் இருக்குமா?

மாதம் ஒரு ஞாயிறு, காலை முதல் சாயங்காலம் வரை, ராஜபாளையத்தில் பாண்டிசெல்வி வீட்டில் என்று உத்தரவானது.

முதல் ஞாயிறு சதீஷ் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். “ஏ செல்வி” என்று கத்திக்கொண்டே தனுஷியா உள்ளே ஓடினாள். அவன் வண்டியைத் திருப்பவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கினான்.

“நானும் செத்த நேரம் இருக்கட்டுமா? எனக்கும் ஒண்ணு ரெண்டு தெரியும்.”

உட்கார்ந்தான். சேத்தூர் கோயில் கொடையில் ராட்டினத்தில் ஏறிய காளீஸ்வரி, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, ராட்டினக்காரனையே அழவைத்த கதையை மெதுவாக ஆரம்பித்தான். பாண்டிசெல்வி கேள்விப்படாத காளீஸ்வரி அவள். பிள்ளையின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, வாய் பிளந்து கேட்டாள்.